ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாட்டைச் சேர்ப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

விதியைப் பார்த்தால் எளிதுதான். முதலில் அது ஐரோப்பிய நாடாக இருக்க வேண்டும். 1987-இல் மொராக்கோ விண்ணப்பித்தபோது அதைச் சொல்லித்தான் கதவைச் சாத்தினார்கள். அப்புறம் 1993-இல் கோப்பன்ஹேகனில் வகுத்தபடி மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையினர் பாதுகாப்பு, போட்டியைத் தாங்கும் சந்தை எல்லாம் வேண்டும். சரி, இவை இருந்தால் போதுமா? போதாது. உள்ளே இருக்கும் 27 நாடுகளும் ஒன்று விடாமல் தலையாட்ட வேண்டும்.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டியிலும் இதே கதைதான். சந்தா கட்டி ரசீதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்த ஒருவரை, பழைய வேலித் தகராறை மனதில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பெரியவர் கை தூக்காமல் உட்கார்ந்ததால், இரண்டு வருடம் வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மாசிடோனியா 2005-இலேயே வேட்பாளர் நாடு, அதாவது ஒன்றியத்தில் சேர வரிசையில் நிற்கும் நாடு. ஆனால் அந்தப் பெயர் எங்கள் வட்டாரத்துக்கு உரியது என்று கிரேக்கம் மறித்தது, 2019-இல் பெயரையே வட மாசிடோனியா என்று மாற்றிக்கொண்டு வந்தால், அடுத்த வருடம் மொழி, வரலாறு என்று பல்கேரியா வேறொன்றைக் கிளப்பியது. பெயரையே விட்டுக்கொடுத்த பிறகும் இப்படி இழுத்தடிப்பது அநியாயம், என்னைக் கேட்டால். கடைசியாக உள்ளே போனது குரோஷியா, 2013-இல்.