டாக்டர் மேக்ஸும் அவருக்கு மூத்த பூனைகளும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலப் பல்கலைக்கழகம் 2024-இல் மேக்ஸ் என்ற பூனைக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருப்பதை இப்போதுதான் படித்தேன். நான் இயற்பியலில் ஆய்வு மாணவி. ஒரு கட்டுரையைப் பிரசுரிக்கப் படாத பாடு படுகிறேன். விளையாட்டுதான் என்று தெரிந்தாலும் எரிச்சலாக இருக்கிறது. படிப்பைக் கேலி செய்வதுதானே இது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மேக்ஸை விட்டுவிடுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் காஸில்டன் வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டில் வளர்கிற பூனை அது. வருஷக்கணக்காக உள்ளே வந்து, மாணவர்களின் முதுகுப்பையில் ஏறிச் சவாரி செய்திருக்கிறது. பட்டயத்தில் சலுகைகளோடு மலத்தொட்டிப் பொறுப்புகளையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார்கள். நம் ஊர் கௌரவ டாக்டர்கள் யாருக்கும் பொறுப்பு என்று ஒன்றை எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

உங்கள் துறையிலேயே ஒரு மூத்த பூனை உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஹெதரிங்டன் 1975-இல் திட ஹீலியம்-3 பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எழுதியது ஒற்றை ஆள். ஆனால் கட்டுரை முழுக்க ‘நாங்கள், நாங்கள்’ என்று தட்டச்சு செய்து வைத்திருந்தார். இதழின் விதிப்படி இது செல்லாது என்றார் சக பணியாளர் ஒருவர். தட்டச்சுப் பொறிக் காலம், திரும்ப எல்லாப் பக்கத்தையும் யார் அடிப்பது? வீட்டிலிருந்த சயாமிஸ் பூனை செஸ்டரை, எஃப்.டி.சி. வில்லார்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராகப் போட்டு அனுப்பிவிட்டார். ‘எஃப்.டி.’ என்பது ‘ஃபெலிஸ் டொமெஸ்டிகஸ்’, வீட்டுப் பூனையின் லத்தீன் பெயர். ‘சி’ செஸ்டர். வில்லார்ட், செஸ்டரின் அப்பா. ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ என்ற இயற்பியல் இதழ் வெளியிட்டது. அப்புறம் ஹெதரிங்டனைத் தேடி வந்த ஒருவர், அவர் இல்லை என்றதும், “சரி, வில்லார்டையாவது பார்க்கிறேன்” என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், குட்டு உடைந்தது. சில பிரதிகளில் ஹெதரிங்டனின் கையெழுத்தோடு பூனையின் பாதச்சுவடும் விழுந்தது. 1980-இல் வில்லார்ட் தனி ஆசிரியராக ஒரு பிரெஞ்சு இதழிலும் எழுதிவிட்டார்! இத்தனையிலும் பெயர்தான் பொய். உள்ளே இருந்த இயற்பியல் நிஜம்.

எரிச்சல்பட வேண்டுமென்றால் லாரியின் கதையைப் படியுங்கள். ஒருவரின் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்பதுதான் மேற்கோள் எண்ணிக்கை. காசு வாங்கிக்கொண்டு அதை ஏற்றித் தருகிற வியாபாரம் எவ்வளவு சுலபம் என்று காட்ட, 2024-இல் ரீஸ் ரிச்சர்ட்சன், நிக் வைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இறங்கினார்கள். ரிச்சர்ட்சனின் பாட்டி வளர்த்த பூனை லாரி. கணினி உளறிக் கொட்டிய 12 கணிதக் கட்டுரைகளை அதன் பெயரில் ஏற்றினார்கள். அவற்றை மேற்கோள் காட்ட இன்னும் சில உளறல்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளம் கண்ணை மூடிக்கொண்டு 132 மேற்கோள்கள் என்று எண்ணிக் கொடுத்தது. மேற்கோள் எண்ணிக்கையில் வில்லார்டையே லாரி முந்திவிட்டது. பிறகு கூகுள் அவற்றை நீக்கிவிட்டது, அது வேறு விஷயம்.

மேக்ஸின் பட்டத்தை நம்பி யாரும் வேலை தரப்போவதில்லை. ஆனால் இந்த மேற்கோள் எண்ணிக்கையைத்தான் நேர்காணலில் கேட்கிறார்கள். லாரிக்கு வேலை தேவையில்லை. அதே எண்ணைக் காசு கொடுத்து வாங்கிய ஆசாமி, நீங்கள் விண்ணப்பிக்கும் அதே பதவிக்கு விண்ணப்பித்திருப்பார்.