ஹம்பி போகுமுன் வழிகாட்டி நூல் மட்டும் போதுமா?

போதாது. வழிகாட்டி நூல் வழி, தங்குமிடம், நேரம் சொல்லும். வட்டார வாசிப்பு, அதாவது அந்த ஊரைப் பற்றிய வரலாறும் பழைய பயணக் குறிப்பும், அந்த மண்ணின் கதையைச் சொல்லும். முன்னது பஸ் அட்டவணை மாதிரி, சீக்கிரம் பழசாகிவிடும். பின்னது ஊர்ப் பெரியவர் பேச்சு மாதிரி, பழசானாலும் உதவும்.

1520 வாக்கில் விஜயநகரம் (இன்றைய ஹம்பி) வந்த போர்ச்சுகீசியப் பயணி பயஸ், மகாநவமி விழாவை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். ராபர்ட் சீவெல் 1900இல் வெளியிட்ட விஜயநகர வரலாற்றில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. அதை அவசியம் படியுங்கள். மகாநவமி மேடைக் கற்களில் செதுக்கிய யானைகளும் குதிரைகளும் அப்போதுதான் ஊர்வலமாகவே தெரியும்.

வழிகாட்டி நூலில் வரைபடத்தைச் சோதியுங்கள். அதில் துங்கபத்திரை ஆற்றின் எதிர்க்கரை கிட்டத்தில் இருப்பது போலத்தான் தெரியும். வெள்ளத்தில் படகு நின்றால் பாலம் வழியே சுற்ற வேண்டும்.

வழிகாட்டி நூலின் மறுஅச்சு ஆண்டைப் பார்த்துப் புதுப் புத்தகம் என்று பலர் நினைக்கிறார்கள். மறுஅச்சில் பழைய தகவலே இருக்கும், திருத்திய பதிப்பின் ஆண்டுதான் கணக்கு.