பாடசாலைக்கு வரும் பல் சிகிச்சை வண்டியை நம்பலாமா?

தம்பி, மதுரையிலிருந்து குடும்பத்துடன் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து சில மாதங்களே ஆகியுள்ள நிலையில், ஏழு வயது மகளின் பாடசாலையிலிருந்து வந்த சம்மதப் படிவம் ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மகளின் கடைவாய்ப் பாற்பல்லில் சூத்தை இருக்கிறது. பாடசாலை வளவில் நிறுத்தப்படும் வண்டிக்குள் வைத்து அதற்குச் சிகிச்சை செய்யப் போகிறவர் பல் வைத்தியர் அல்லர், வாய்ச் சுகாதார சிகிச்சையாளர் என்று அழைக்கப்படுபவர். இலவசம் என்பதற்காகப் பிள்ளையை முழுப் படிப்பு இல்லாத ஒருவரிடம் ஒப்படைப்பதா, அல்லது செலவு கையைக் கடித்தாலும் தனியார் பல் வைத்தியரிடம் போவதா என்பதே உங்கள் தயக்கம். தயங்காமல் கையொப்பம் இடுங்கள் என்பது என் பதில். நீங்கள் கவலைப்பட வேண்டிய விடயம் வேறொன்று இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். தமிழ்நாட்டில் பல்லில் கை வைப்பவர் ஐந்து ஆண்டு படித்த பல் மருத்துவராகவே இருப்பார். இடையில் இப்படி ஒரு தொழில் அங்கே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு இது புதிதன்று. இலங்கையில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் பல்லாண்டுகளாகப் பணியாற்றுகிறார்கள்; அவர்களுக்கான மகரகமைப் பயிற்சிப் பாடசாலை 1950களில், ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் கொழும்புத் திட்டத்தின் கீழ், நியூசிலாந்தின் உதவியோடு அமைந்தது. மலேசியாவும் 1949இல் பினாங்கில் இதே முறையில் பயிற்சியைத் தொடங்கியது. இரண்டுக்கும் வித்து இந்த நாட்டிலிருந்தே போயிற்று.

முதலாம் உலகப் போருக்கு ஆள் திரட்டியபோது, இளைஞர்களின் பற்கள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்பதை நியூசிலாந்து அரசு கண்கூடாகக் கண்டது. இராணுவப் பல் மருத்துவப் பிரிவை வழிநடத்திய தோமஸ் ஹன்டர், பிள்ளைப் பருவத்திலேயே கவனித்தாலன்றி இது தீராது என்பதையும், நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பதற்குப் பல் வைத்தியர்கள் போதமாட்டார்கள் என்பதையும் உணர்ந்து, இளம்பெண்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டும் சிகிச்சை செய்ய அனுமதிக்கும் திட்டத்தை 1921இல் தொடங்கி வைத்தார். பல் தாதியர் என்று அழைக்கப்பட்ட அவர்கள் காலால் மிதித்து இயக்கும் துளைகருவியோடு வேலை பார்த்த காலமும் உண்டு. பாடசாலைப் பல் கிளினிக்கைப் பிள்ளைகள் 'கொலை வீடு' என்று அழைத்ததை உங்கள் அயலிலுள்ள முதியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மகளின் காதில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய வண்டிக்குள் அப்படி எதுவும் இல்லை.

இன்று இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் டுனீடினிலுள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்திலோ ஒக்லாந்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பை முடித்து, பல் வைத்தியர்களைப் பதிவு செய்யும் அதே பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றே வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் செய்யக்கூடியவற்றுக்குத் தெளிவான எல்லை உண்டு. பற்களைச் சோதிப்பது, எக்ஸ்ரே எடுப்பது, சூத்தையை அகற்றி அடைப்பது, விறைப்பூசி போட்டுப் பாற்பல்லைப் பிடுங்குவது ஆகியவை அந்த எல்லைக்குள் வரும். நிரந்தரப் பல்லைப் பிடுங்குவது போன்றவற்றுக்குப் பல் வைத்தியரிடம் அனுப்பிவிடுவார்கள். ஐந்து ஆண்டு படித்த பல் வைத்தியர் செயற்கைப் பல் கட்டுவதிலிருந்து வேர்ச் சிகிச்சை வரை அனைத்தையும் கற்கிறார். இவர்களோ பிள்ளைகளுக்கு வேண்டிய குறிப்பிட்ட சில வேலைகளை மட்டும் கற்று, அவற்றையே நாள் முழுவதும் செய்கிறார்கள். அழுகிற ஏழு வயதுப் பிள்ளையை வாய் திறக்க வைப்பதில், நான் பார்த்த அளவில், இவர்களுக்கு இருக்கும் பொறுமையும் கைத்திறனும் பல தனியார் பல் வைத்தியர்களிடம் இல்லை.

உங்கள் மகளுக்குச் செய்யக்கூடிய இரண்டு சிகிச்சைகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அறியாத பெற்றோர் திடுக்கிடுவதைக் கண்டிருக்கிறேன். முதலாவது, ஊசியும் இல்லாமல் துளைப்பதும் இல்லாமல் சூத்தைப் பாற்பல்லின் மேல் ஓர் உருக்குத் தொப்பியைப் பசையிட்டு அழுத்திப் பொருத்துவது. பற்கள் நெருக்கமாக இருந்தால், சில நாள்களுக்கு முன்னரே அவற்றின் நடுவே சின்னஞ்சிறு ரப்பர் வளையத்தைச் செருகி இடம் உண்டாக்குவார்கள். தொப்பி பொருத்திய முதல் நாள் கடிக்கும்போது உயரமாகத் தோன்றுவதாகப் பிள்ளை முறையிடும். ஓரிரு வாரங்களில் அது தானாகச் சரியாகிவிடும். உள்ளே அடைபட்ட சூத்தைக்கு உணவு கிடைக்காமல் அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பாற்பல் விழும் நாளில் தொப்பியும் சேர்ந்தே விழும். இரண்டாவது, வெள்ளிச் சேர்மம் கலந்த ஃபுளோரைட்டுத் திரவத்தைச் சூத்தையின் மேல் பூசுவது. அது சூத்தையைத் தடுத்து நிறுத்தும், ஆனால் அந்த இடம் கறுத்துப்போகும். முன்பல்லில் பூசுவதாக இருந்தால் வேறு வழி உண்டா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இந்தத் தொழில்முறையைக் குறித்து ஐயப்பட்டவர் நீங்கள் மட்டுமல்லர். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய சிகிச்சையாளர்கள் இருக்கும் நிலையிலும், 2003இல் அலாஸ்காவின் பழங்குடி மாணவர்கள் ஒட்டாகோவுக்கு வந்து பயின்று, பல் வைத்தியர் எட்டிப் பார்க்காத தம் கிராமங்களுக்குத் திரும்பி வேலை தொடங்கியபோது, அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 2006இல் நீதிமன்றம் வரை போயிற்று. அந்த எதிர்ப்பில் பிள்ளைகள் மீதான அக்கறையைவிடத் தொழில் எல்லை பற்றிய அச்சமே கூடுதலாக இருந்தது என்பது என் எண்ணம்.

இனி, கவலைப்பட வேண்டியதற்கு வருகிறேன். அது தாமதம். ஆள் பற்றாக்குறையாலும் கோவிட் காலத்தில் சேர்ந்துபோன நிலுவையாலும், குறித்த காலத்தில் நடக்க வேண்டிய சோதனைகள் பல பிள்ளைகளுக்குத் தள்ளிப்போயின. எங்கள் இளைய மகளுக்கு வர வேண்டிய அழைப்பு வராமலேயே நெடுங்காலம் போய்விட்டது; நாங்களாகத் தொலைபேசியில் கேட்ட பின்னரே அருகிலுள்ள வேறொரு கிளினிக்கில் நாள் கிடைத்தது. பாற்பல்லில் சூத்தை விரைவாகப் பரவும். இன்று ஒரு தொப்பியோடு முடிகிற வேலை, காத்திருந்தால், மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துப் பல பற்களைப் பிடுங்கும் நிலைக்குப் போகலாம். அங்கும் காத்திருப்போர் பட்டியல் நீண்டதே. ஆகவே வண்டி வரட்டும் என்று இருந்துவிடாமல், 0800 825 583 என்ற இலவச இலக்கத்துக்கு அழைத்து மகளின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வலி இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இரவில் வலியால் விழித்தாளா, முகம் வீங்கியதா என்று கேட்டு அதற்கேற்ப முன்னுரிமை கொடுப்பார்கள். வீடு மாறினாலும் கைபேசி இலக்கம் மாறினாலும் உடனே தெரிவியுங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதத்தால் பட்டியலிலிருந்து நழுவிய பிள்ளைகள் நம்மவர்களிடையே பலர்.

இலவசத்துக்குத் தகுதி உண்டா என்பது விசாவைப் பொறுத்தது. இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வேலை விசா உங்களிடம் இருந்தால் மகளுக்கும் அந்த உரிமை உண்டு. எட்டாம் ஆண்டு வகுப்பு முடியும்வரை சிகிச்சையாளரிடமும், அதன்பின் பதினெட்டாவது பிறந்த நாள் வரை அரசுடன் ஒப்பந்தமுள்ள பல் வைத்தியரிடமும் கட்டணமின்றிப் போகலாம். அந்த மாறுதலின்போது பல் வைத்தியரைத் தெரிவு செய்ய வேண்டியவர் நீங்களே. பற்களை நேராக்கக் கம்பி கட்டுவது இதில் அடங்காது. விழுந்து பல் உடைந்தால் விபத்து இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் உரிமை கோரலாம்.

படிவத்தை நிரப்பும்போது ஒவ்வாமை, இதய நோய், தொடர்ந்து எடுக்கும் மருந்துகள் பற்றிய பகுதியை வெறுமையாக விடாதீர்கள். சிகிச்சை நடக்கும்போது உடன் இருக்க விரும்பினால் அதையும் எழுதிவிடுங்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போய், பாட்டிதான் பிள்ளையை அழைத்துச் செல்வதானால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று நாள் குறிக்கும்போதே கேளுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை.