கோடையில் சினை ஊசி நிக்கலைன்னா விதையைத்தான் குறை சொல்லணுமா?

நாங்குநேரிப் பக்கம் கலப்பின ஜெர்சி வச்சிருக்கிறவர் கேட்டிருக்கார்: "மே மாசம் ரெண்டு ஊசி போட்டும் சினை நிக்கல. காளை விதையில கோளாறா?"

இருக்கலாம் அண்ணாச்சி. ஆனா கருவோட முதல் மூணு நாளையும் பாருங்க. கரு உண்டான உடனே அதோட சொந்த ஜீன் பெருசா வேலை பார்க்காது. தாய் முட்டைக்குள்ள கட்டிக் கொடுத்தனுப்பின ஆர்என்ஏவும் (ஜீன் கட்டளையோட நகல்) புரதமும்தான் அதுக்குக் கட்டுச்சோறு. எலிக்கருவில 2 செல்லிலேயே சொந்த ஜீன் முழிச்சுக்கும்; மனுசக்கருவில 4 முதல் 8 செல்லில. மாட்டுக்கு 8, 16 செல் ஆகணும், அதாவது ஏறக்குறைய 3, 4 நாள். அதுவரைக்கும் சூட்டுல சேதம்னா சரிபண்ணத் தேவையானதைப் புதுசா எடுக்க வழி குறைவு. பசுவை முதல் நாள் சூட்டுல வச்சா கரு கெடுது; 3-ம் நாளுக்கு அப்புறம் அவ்வளவா கெடலைன்னு சோதனையே இருக்கு.

7-ம் நாள் கரு பந்து மாதிரி ஆகும். வெளிச் செல்லில சிடிஎக்ஸ்2 ஜீன் வேலை செஞ்சு நஞ்சுக்கொடிப் பக்கம் போகும். உள்ள நானோக்ங்கிற ஜீன் வேலை செய்ற செல் கன்னுக்குட்டிக்கு, காட்டா6ங்கிற ஜீன் வேலை செய்றது கருவுணவுப் பைக்கு. 16-ம் நாள் வாக்குல கரு இன்டர்ஃபெரான் டௌங்கிற புரதத்தைச் சுரந்து "நான் இருக்கேன்"னு கருப்பைக்குச் சொல்லணும். அதனால ஊசி போட்ட 18–24 நாள்ல மாடு திரும்பச் சினைக்குக் கத்தினா, கரு சேரவே இல்லை, இல்ல அந்தச் சேதி போகுமுன்ன செத்துருக்கு. 25 தாண்டிக் கத்தினா, பெரும்பாலும் சேதி போன பிறகு செத்தது. தேதியைக் குறிச்சு வைங்க.

கால்நடை டாக்டர்கள் சண்டைக்கு வராதீங்க. கருப்பைச் சீழ், தாது உப்புக் குறைவெல்லாம் தனிக் கணக்குதான்.

செய்ய வேண்டியது: காலையில கத்தினா சாயங்காலம் ஊசி. அன்னையிலிருந்து 3 நாள் தகரக் கொட்டாய்ல கட்டாதீங்க. கட்டித்தான் ஆகணும்னா தகரத்து மேல பனை ஓலை போடுங்க. உடம்புல தண்ணி அடிச்சா கூடவே ஃபேன் ஓடணும், காத்தில்லாத ஈரம் புழுக்கத்தைத்தான் கூட்டும். மழை விழுந்த மறுநாளே சரியாயிராது. வெயில்ல வளர்ந்த முட்டை சில வாரம் வந்துக்கிட்டே இருக்கும்.

இன்னொரு எரிச்சல். உறைய வச்ச விந்துக் குச்சியை உருக்க 37 டிகிரி தண்ணியில குறைஞ்சது 30 விநாடி வைக்கணும், எடுத்துத் துடைக்கணும்; உள்ள ஒரு சொட்டு தண்ணி போனாலும் விந்தணு செத்துரும். சட்டைப் பையில வச்சு உருக்குற ஆள்கிட்ட தெர்மாமீட்டர் எங்கேன்னு கேட்டா முறைக்கான். மூணாவது ஊசி தப்பினா மாட்டை அடிமாட்டுக்குத் தள்ளிவிடச் சொல்றதும் அதே ஆள்தான்.