தட்டானும் ஊசித்தட்டானும்: கேள்வி பதில்

கேள்வி (சூலூர்): குளக்கரையில் மஞ்சள் நிறப் பூச்சிகள் இரண்டு விதமாகத் தெரிகின்றன ஐயா. ஒன்று கூட்டமாக உயரப் பறக்கிறது. மற்றொன்று ஈர்க்குச்சி போல மெலிந்து புல்லிலேயே இருக்கிறது. தாயும் குஞ்சுமா?

பதில்: இல்லை அம்மா, இரண்டும் முழுதாக வளர்ந்த வெவ்வேறு இனங்கள், இறக்கை முளைத்த பிறகு எந்தத் தட்டானும் பெரிதாவதில்லை. உயரப் பறப்பது பான்டலா பிளேவசென்ஸ் என்னும் தட்டான். புல்லில் இருப்பது செரியாகிரியான் கோரமண்டலியானம் என்னும் ஊசித்தட்டான். இரண்டையும் 1798இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் பேப்ரிசியஸ் என்ற ஒரே அறிஞர். அருகில் சென்று தலையைப் பாருங்கள்: தட்டானின் கண்கள் உச்சியில் ஒன்றையொன்று தொட்டிருக்கும், ஊசித்தட்டானுக்கோ தலையின் இரு ஓரங்களிலும் விலகி நிற்கும்.

கேள்வி (கோபி): இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் ஊசித்தட்டான் என்று முடிவு செய்யலாமா?

பதில்: பெரும்பாலும் செய்யலாம். லெஸ்டஸ் வகை ஊசித்தட்டான்கள் மட்டும் பாதி விரித்தபடி அமரும். அப்போது கண்ணே சரியான சாட்சி.

கேள்வி (பொள்ளாச்சி): மழைக்காலத்தில் திடீரென்று இத்தனை தட்டான்கள் எங்கிருந்து வருகின்றன?

பதில்: அவை பெரும்பாலும் பான்டலா தட்டான்களே. இது காற்றோடு பயணித்து, மழை பெய்து தேங்கிய குட்டைகளைத் தேடி முட்டையிடும் இனம், குட்டை வற்றுவதற்குள், ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மாதங்களில், அதன் இளம்புழு இறக்கை பெற்று வெளியேறிவிடும். அடிப்பகுதி அகன்ற பின்னிறக்கைகளால் இறக்கையடிக்காமலே நெடுந்தொலைவு மிதந்து செல்ல அதனால் முடிகிறது. அக்டோபரில் மாலத்தீவுக்கு இவை பெருங்கூட்டமாக வந்து சேர்வதைக் கவனித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்று 2009இல் எழுதினார். இரு இறக்கைகளையும் விரித்தால் ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டரே இருக்கும் ஒரு பூச்சி இதைச் செய்கிறது என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. ஊசித்தட்டானோ தான் பிறந்த குளத்தோரத்தை விட்டு அதிகம் விலகுவதில்லை.

கேள்வி (பெருந்துறை): நிறுத்தி வைத்த காரின் மேல் தட்டான்கள் வாலால் தொட்டுத் தொட்டுப் பறப்பது ஏன்?

பதில்: பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி நீர்ப்பரப்பின் ஒளியை ஒத்திருப்பதால், அதைத் தண்ணீர் என்று நம்பி முட்டையிட முயல்கின்றன. அந்த முட்டைகள் பிழைப்பதில்லை.

கேள்வி (நொய்யல் கரை விவசாயி): குளத்தைத் தூர்வாரும்போது கோரையையும் பாசியையும் முழுவதும் எடுத்துவிட்டால் இவை போய்விடுமா?

பதில்: பான்டலாவுக்கு அதிக இழப்பில்லை, அது திறந்த நீரிலேயே முட்டைகளை உதிர்க்கும். ஊசித்தட்டான்தான் பாதிக்கப்படும். அதன் பெண் நீர்ச்செடியின் மெல்லிய திசுவைத் துளைத்து ஒவ்வொரு முட்டையாக உள்ளே செருகும். அதுவரை ஆண் வால்நுனியால் பெண்ணின் கழுத்துப் பகுதியைப் பற்றிக்கொண்டு நட்டுக்குத்தலாக நிற்கும். வாலில் மூன்று இலை போன்ற செவுள்கள் கொண்ட அதன் இளம்புழுவும் செடிகளுக்கிடையில்தான் ஒளிந்து, கொசுப்புழு முதலியவற்றைப் பிடித்துத் தின்னும். ஆகவே கரையோரத்தில் ஒரு பக்கத்துச் செடிகளையாவது தொடாமல் விட்டு, அடுத்த ஆண்டு மறுபக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள்.