பைபேப் கருவியும் வயிற்று உப்புசமும்

கேள்வி: நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள என் தந்தைக்கு இரவில் முகக்கவசம் வழியாக, மூச்சுக்கு உதவ அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் பைபேப் கருவி வைக்கிறோம். காலையில் வயிறு உப்பி, ஓயாமல் ஏப்பம் விடுகிறார். கருவி தந்தவர் கவசத்தின் வாரை இறுக்கச் சொல்கிறார். இது ஆபத்தா?

பதில்: கருவி தள்ளும் காற்று மூச்சுக்குழாய்க்கு மட்டும் போவதில்லை, உணவுக்குழாயின் வாயும் அருகிலேயே இருக்கிறது. அதன் கீழ்முனையில் உள்ள சுருக்குத் தசை, ஆரோக்கியமானவர்களுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் (கருவியின் அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை தாங்கும் என்றாலும், நோயாளிகளிடம் அதற்கும் குறைவான அழுத்தத்திலேயே திறந்துகொள்ளக்கூடும். ஓரளவு உப்புசம் பலருக்கும் வருவதே. ஆனால் வயிறு பெரிதாக உப்பினால் நுரையீரலுக்கு அடியிலுள்ள உதரவிதானத் தசை மேலே தள்ளப்பட்டு மூச்சு இன்னும் சிரமமாகும்; வாந்தி வந்தால் அது கவசத்துக்குள் தேங்கி நுரையீரலுக்குள் போகலாம்.

வாரை இறுக்கினால் மூக்குத்தண்டில் புண் வருமே தவிர, வயிற்றுக்குள் போகும் காற்று நிற்காது. கருவி விற்பவர்கள் அழுத்தத்தைத் தாங்களாகவே கூட்டுவதும், உப்புசம் என்றதும் விலை கூடிய கவசத்தைத் தலையில் கட்டுவதும் எனக்குச் சலித்துப்போன கதை. கற்றுத்தர வேண்டிய மருத்துவமனை ஒரு தாளில் அழுத்த எண்களை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதால்தான், விற்பனையாளர் மருத்துவராகிவிடுகிறார். நீங்களும் அழுத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள். கரியமில வாயு உடலில் தேங்கி, காலையில் தலைவலியும் மந்தமும் வரும். கருவியை அதன் நினைவக அட்டையோடு நுரையீரல் மருத்துவரிடம் கொண்டுபோய், உள்மூச்சு அழுத்தத்தை (மூச்சை இழுக்கும்போது கருவி தரும் அழுத்தம்) சற்றுக் குறைக்கலாமா, மூக்கை மட்டும் மூடும் கவசம் பொருந்துமா என்று கேளுங்கள். அதுவரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழிந்த பிறகே கவசத்தைப் பொருத்தி, தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்திப் படுக்க வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தந்தையால் தம் கையாலேயே கவசத்தைக் கழற்ற முடியுமா? தசை பலவீனமோ, பக்கவாதமோ, தூக்க மாத்திரையின் மயக்கமோ இருந்து முடியாது என்றால், வாய் மூக்கு இரண்டையும் மூடும் கவசத்தோடு அவரை இரவில் தனியே விடக்கூடாது. குமட்டல் என்று சைகை காட்டினாலும் உடனே கழற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்த ஒருவருக்குக் கொக்கியை இருட்டிலும் அவிழ்க்கத் தெரிந்திருக்க வேண்டும். வயிறு கல்போல இறுகினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, விற்பனையாளரின் எண்ணைத் தேடாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.