அப்பத்தாவுக்கு ஊட்டாத கஞ்சி

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் என் அப்பத்தா காலமானார். வயது 87. ஆறு ஆண்டுகளாக மறதிநோய். கடைசி ஓராண்டு படுக்கையை விட்டு எழவில்லை. என் அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டதால் நானும் என் மனைவியும்தான் பார்த்துக்கொண்டோம்.

இந்த ஆண்டு அவருக்கு இரண்டு முறை நிமோனியா வந்தது. முதல் முறை உணவு செலுத்த மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டார்கள். அதை அவர் பிடுங்கி எறிந்துகொண்டே இருந்ததால் இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவைத்தார்கள். இரண்டாம் முறை வென்டிலேட்டர் வைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. "மருத்துவ ஆலோசனைக்கு எதிராக, என் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்" என்று அச்சடித்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் அடங்கிவிட்டார். கடைசி இரவு முழுவதும் தொண்டையில் கோழை இழுத்த சத்தம் என் மனைவியின் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த என் அத்தைக்கு முழங்கால் வலி என்பதால், அலைய வைக்க வேண்டாமென்று ஆஸ்பத்திரி விஷயத்தை நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மாலை அவர் தூக்குவாளியில் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார். புரையேறிவிடும் என்று நான் ஊட்டவிடவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் உறவுக்காரர்கள் எல்லோர் முன்னிலையிலும், "பட்டினி போட்டே எங்க ஆத்தாளைக் கொன்னுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு பேச்சில்லை. அந்தத் தூக்குவாளி இன்னும் எங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது.

நினைவு நன்றாக இருந்த காலத்தில் அப்பத்தா என்னிடம், "ஆசுபத்திரியில போட்டுறாத அய்யா, இந்தத் திண்ணையிலேயே கெடந்து போயிர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். நான் அதைத்தான் செய்தேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை. நான் செய்தது தவறா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கஞ்சியைப் பற்றியே பேசிவிடுவோம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன்.

மறதிநோய் என்ற பெயரினால் அது நினைவை மட்டும் தின்னும் நோய் என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. பெயர்களையும் முகங்களையும் மறக்கவைக்கும் அதே நோய்தான், மூளை மேலும் மேலும் சிதையச் சிதைய, நடையையும் பேச்சையும் பறித்துக்கொண்டு, கடைசியில் வாயில் வைத்த கவளத்தை உள்ளே இறக்கும் பழக்கத்தையும் மறக்கவைக்கிறது. விழுங்குவது நாம் நினைப்பதுபோல் எளிய காரியம் அல்ல. நாக்கு கவளத்தைப் பின்னால் தள்ள வேண்டும், மூச்சுக்குழாயின் மூடி கவிழ வேண்டும், அந்த ஒரு நொடி மூச்சு நிற்க வேண்டும். இந்த ஒழுங்கு குலைந்துவிட்டால் கஞ்சியானாலும் எச்சிலானாலும் நுரையீரலுக்குள் போய்ச் சேரும். உங்கள் அப்பத்தாவுக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா வந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருந்திருக்கும்.

மூக்கில் குழாய் போட்டுவிட்டால் இது நின்றுவிடும் என்று யாருக்கும் தோன்றும். நிற்பதில்லை. எச்சில் அப்போதும் ஊறும். இரைப்பைக்குள் போன திரவம் மேலேறியும் வரும். முற்றிய மறதிநோயில் குழாய்வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை என்பதால், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014ஆம் ஆண்டிலேயே அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும், நோயாளி ஏற்கும் அளவுக்குப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதே தக்கது என்றும் கூறிவிட்டது. குழாயைப் பிடுங்குகிறார்கள் என்று கைகளைக் கட்டுவதும், கட்டியதால் அவர்கள் மேலும் கலங்கிப்போவதும் அந்தச் சங்கம் எடுத்துச் சொல்லும் தீங்குகளில் சேர்ந்தவை. பேரனின் முகத்தையே மறந்துவிட்ட ஒருவர், தன் கைகள் ஏன் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை எப்படி விளங்கிக்கொள்வார்?

இறுதி நாட்களில் குடல் ஓய்ந்துவிடுகிறது, சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொள்கிறது, பசி என்ற உணர்ச்சி பெரும்பாலும் அற்றுப்போகிறது. அந்த நிலையில் செலுத்தும் நீரும் உணவும் கைகால்களில் வீக்கமாகவும் நெஞ்சில் கோழையாகவும் தேங்கும். எஞ்சுவது வாய் வறட்சிதான். அதற்கு ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்துக்கொண்டிருப்பதே மருந்து. பட்டினி போடுவது என்றால், உண்ண வேண்டும் என்று கேட்கும் உடலுக்கு உணவை மறுப்பது. அப்பத்தாவின் உடல் தானாகவே உணவை விட்டு விலகியது. அன்று மாலை நீங்கள் மறுத்தது அவருடைய பசியை அல்ல, அத்தையின் கையை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

"கொன்னுட்டீங்க" என்ற சொல்லுக்கு நம் தென்மாவட்டங்களில் ஒரு கரிய நிழல் உண்டு. படுத்துவிட்ட முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து அனுப்பிவைக்கும் தலைக்கூத்தலைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் விருதுநகர், மதுரைப் பக்கம் குறைவு. இன்னும் இருக்கக்கூடியவரைப் போக்கும் வேலை அது. போய்க்கொண்டிருந்தவரைக் கட்டிப்போட்டு இழுக்காமல் விட்டதுதான் நீங்கள் செய்தது. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டியது அத்தையின் ஆத்திரம். அதை நீங்களும் ஏற்றுக்கொண்டு இரவில் விழித்துக் கிடக்க வேண்டியதில்லை.

அந்தத் தாளுக்கு வருகிறேன். "மருத்துவ ஆலோசனைக்கு எதிராக" என்ற மூன்று சொற்கள் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டன என்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. நாளை வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் மருத்துவமனைகள் அச்சடித்து வைத்திருக்கும் தாள் அது. கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று 2018 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்து, உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க இசைவு தந்தது. மாஜிஸ்திரேட் சான்றொப்பமிட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளால் அது ஏட்டோடு நின்றுவிட்டபடியால், 2023 ஜனவரியில் விதிகளைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியும் போதும். எதையும் எழுதிவைக்காதவர்களுக்கும் வழி உண்டு: மருத்துவமனை அமைக்கும் இரண்டு மருத்துவக் குழுக்கள், ஒன்றன்பின் ஒன்றாக, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள், குடும்பத்தின் சம்மதத்தோடு முடிவெடுக்கலாம். இதயத் துடிப்பு நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டாம் என்ற முடிவை எப்படி எடுப்பது என்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. இதையெல்லாம் யாராவது ஒரு மருத்துவர் உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், நீங்கள் ஒருவராக நின்று அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள். தவறு என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் முதலில் இதைத்தான் சுட்டுவேன்.

வீட்டுக்கு வந்த ஐந்து நாட்களில் ஒரு செவிலியர் ஒருமுறை வந்திருந்தால்கூட நிலைமை வேறாக இருந்திருக்கும். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி (குணமாக்க முடியாத நோயிலும் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் மருத்துவம்), பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் ஊர்க்காரர்களே தொண்டர்களாகி வீடு வீடாகச் செல்லும் ஏற்பாடாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தரும் திட்டமாகவே பலரும் அறிந்திருக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய்த்தணிப்புச் சேவை தருவதும் அதில் அடக்கம். அப்படி வரும் ஒருவர் உங்கள் மனைவியிடம் சொல்லியிருப்பார்: அந்தக் கோழைச் சத்தம், விழுங்க முடியாமல் தொண்டையில் தங்கிய எச்சிலில் மூச்சு உரசும் சத்தம்; நினைவிழந்து கிடப்பவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை; ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும்; மருந்தும் உண்டு. மூச்சு நின்று நின்று வருவதும், பாதம் குளிர்ந்து திட்டுத்திட்டாக நிறம் மாறுவதும் வழக்கமான வரிசைதான். இதைத் தயவுசெய்து உங்கள் மனைவிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்த அளவுக்கு அப்பத்தா துன்பப்பட்டிருக்க மாட்டார்.

நீங்கள் போகாத பாதையில் நான் போயிருக்கிறேன். என் அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 நாட்கள் வென்டிலேட்டரில் வைத்திருந்தோம். வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை. சொன்னவர்மீது பழி விழும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காலையில் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம், ஒருவர் மட்டும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். பன்னிரண்டாம் நாள் அதிகாலை 3.40க்குத் தொலைபேசி வந்தது. போய் நின்றபோது ஒரு பாலித்தீன் உறையை என் கையில் கொடுத்தார்கள். அதற்குள் அம்மாவின் மூக்குத்தியும் இரண்டு மெட்டிகளும் இருந்தன. உறையின் மேல் படுக்கை எண் எழுதியிருந்தது. அவர் கடைசியாகக் கேட்ட ஓசை எது என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு இயந்திரத்தின் எச்சரிக்கை மணியாக இருந்திருக்கலாம். எங்களை யாரும் எதுவும் சொல்லவில்லை, எல்லாம் செய்து பார்த்தார்கள் என்று ஊரே மெச்சியது. எனக்கும் பல மாதங்கள் தூக்கம் வரவில்லை.

ஆகவே நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டுவிட்டதால், உண்மையில் எங்கே தவறினீர்கள் என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். திண்ணையிலேயே போய்விடுகிறேன் என்று அப்பத்தா சொன்னது உங்களிடம். அத்தை அதைக் கேட்கவில்லை. மறதிநோயின் தொடக்கத்தில் நோயாளிக்குத் தன் விருப்பத்தைச் சொல்லும் தெளிவு பெரும்பாலும் இருக்கும். அந்த ஓரிரண்டு ஆண்டுகளில் ஒரு பொங்கலுக்கோ குலதெய்வக் கும்பிடுக்கோ எல்லோரும் கூடியிருந்தபோது அவரை இன்னொரு முறை சொல்லவைத்திருந்தால், அது குடும்பத்தின் காதில் விழுந்த வாக்காக ஆகியிருக்கும். நாமோ சாவைப் பற்றிப் பேசினால் "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு" என்று வாயை அடைத்துவிடுகிறோம். இரண்டாவது, முழங்கால் வலியைக் காரணம் காட்டி, அப்பத்தா பெற்ற மகளிடமே ஆஸ்பத்திரி விஷயத்தை மறைத்தது. அன்பினால் செய்தீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் தூக்குவாளியோடு வாசற்படி ஏறிய அந்தப் பெண்மணிக்கு, எல்லாம் தீர்மானித்து முடிந்த ஒரு வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்ததுபோல்தான் இருந்திருக்கும்.

நம் ஊர்களில் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு உறவினர் வரிசையாக வந்து ஒரு கரண்டி பால் ஊற்றுவார்கள். உயிர் போகாவிட்டால், ஆசை எதில் நிற்கிறதோ என்று மண்ணைக் கரைத்தும் காசைக் கழுவியும் ஊற்றுவார்கள். நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாயில் இறங்கும் என்பதால் இதை நான் ஏற்பதில்லை. ஆனால் இதைக் கேலி செய்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொருவரும் ஒருமுறை தலைமாட்டில் குனிந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்கு நம் முன்னோர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. விரலைப் பாலில் நனைத்து உதட்டில் தடவினாலும் அந்த வரிசை நடக்கும். அன்று அத்தையைத் தடுத்த கையோடு, அவர் விரலைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து அம்மாவின் உதட்டில் வைக்கச் சொல்லியிருக்கலாம். பாதத்தில் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லியிருக்கலாம். காதருகே பேசச் சொல்லியிருக்கலாம். கனடாவின் வான்கூவரில் மரணத் தறுவாயில் நினைவிழந்து கிடந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவர்களில் சிலரின் மூளை ஒலிகளுக்கு இன்னும் மறுவினை காட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. பொருள் புரிந்ததா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. பேசுபவருக்கு அது போதும்.

இப்போது அத்தையிடம் மருத்துவ விளக்கம் எதையும் கொண்டுபோகாதீர்கள். மேலே நான் எழுதியது உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும்தான். அவரிடம் இதைச் சொன்னால் வாதாட வந்ததாகவே படும். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே சொல்லாமல் விட்டது தப்பு என்று அந்த ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். திண்ணையைப் பற்றி அப்பத்தா சொன்னதை, அவர் சொன்ன அதே வார்த்தைகளில், அத்தையின் காதிலும் போடுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

போகும்போது அந்தத் தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்தவருக்கு வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரும் வழக்கம் நம் பக்கம் கிடையாது. அதில் என்ன காய்ச்சி ஊற்றிக் கொண்டுபோவது என்பதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள்.